1000 கெஜத்தில் டீம் மேட்ச்: முதல்முறை சுடப்போகிறவருக்கு

தனியாக 300, 600 கெஜத்தில் அருமையாகச் சுடுகிறவர்கள், முதல் டீம் மேட்ச்சில் 1000 கெஜக் கோட்டில் படுத்ததும் தடுமாறுவதை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். தனியாகச் சுடும்போது தானே செய்த வேலைகளில் பாதியை இங்கே இன்னொருவர் செய்வார். மனம் அதை ஒப்புக்கொண்டாலும் கை ஒப்புக்கொள்ள நாளாகும்.

இங்கே சொல்லப்போவது டார்கெட் ரைஃபிள் பிரிவைப் பற்றி: டெலஸ்கோப் இல்லாத வளைய சைட், ஒவ்வொன்றாக நிரப்பும் தோட்டா, ரைஃபிளைத் தாங்க மேல்கையில் மாட்டும் ஸ்லிங் வார், குப்புறப் படுத்த நிலை. இடம் இங்கிலாந்தின் சர்ரேயில் உள்ள பிஸ்லி. அங்கே செஞ்சுரி ரேஞ்சில் 100 முதல் 600 கெஜம் வரை, ஸ்டிக்கிள்டவுன் ரேஞ்சில் 800 முதல் 1200 கெஜம் வரை சுடலாம். வேறு நாட்டில் சுடுகிறவர்களுக்கும் வரிசை பெரும்பாலும் இதேதான். நேர வரம்பும் சில விதிகளும் மட்டும் மாறும்.

வேலைப் பிரிவினை ஒன்றை முதலிலேயே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். காற்றைப் படித்துத் திருத்துவது, பின்னால் உட்கார்ந்திருக்கும் கோச்சுடையது. உயரமும் விசையை (டிரிகர்) இழுப்பதும், நடந்ததை உள்ளபடி சொல்வதும் உங்களுடையது. கீழே வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

1. மேட்ச் எப்படி நடக்கும்

சாதாரண கிளப் மேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு ஷூட்டர்கள், இரண்டு டார்கெட், டார்கெட்டுக்கு ஒரு கோச், மேலே ஒரு கேப்டன். 900 கெஜத்திலும் 1000 கெஜத்திலும் ஆளுக்கு இரண்டு ஸைட்டர் (கணக்கில் சேராத சோதனை ஷாட்), பிறகு கணக்கில் சேரும் பத்து ஷாட். ஒரு டார்கெட்டில் ஒருவர் முழுவதும் முடித்த பிறகே அடுத்தவர்.

ஷாட்டின் மதிப்பு, டார்கெட்டின் நடு வட்டமான 'புல்'லிலிருந்து வெளியே: புல் 5, இன்னர் 4, மாக்பை 3, அவுட்டர் 2, ஹிட் 1. புல்லின் நடுவில் உள்ள வீ-புல்லுக்கும் 5 புள்ளிதான், ஆனால் தனியாக எண்ணப்படும். சமநிலை வந்தால் அதுதான் வெற்றியைத் தீர்மானிக்கும். அட்டையில் 50.7 என்று இருந்தால் ஐம்பதுக்கு ஐம்பது, அதில் ஏழு வீ.

பால்மா என்ற சர்வதேச நீண்ட தூர டீம் மேட்ச் இதையே பெரிதாக்கியது. அங்கே அணிக்கு 16 ஷூட்டர்கள்; 800, 900, 1000 கெஜத்தில் தலா 15 ஷாட். அளவு பெரிதானாலும் படுத்திருப்பவரின் வேலை அதேதான்.

நேரம் முழு அணிக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும். புதியவர்கள் கவனிக்கத் தவறும் விஷயம் இது. காற்று நிலையாக இருக்கும் ஐந்து நிமிடத்தில் கோச் வேகமாகச் சுடவைப்பார். காற்று குழம்பினால் உங்களைப் படுக்கவைத்துவிட்டுச் சும்மா காத்திருப்பார். நீங்கள் மெதுவாகச் சுட்டுத் தின்ற நேரம், உங்களுக்குப் பின்னால் வருபவர் காத்திருக்க வேண்டிய நேரம்.

2. வீட்டிலிருந்து கிளம்பும் முன்

காகிதங்கள்: சொந்த ரைஃபிள் என்றால் போலீஸ் வழங்கிய ஃபயர்ஆர்ம் சர்ட்டிஃபிகேட், ரேஞ்சுக்கான ஷூட்டர் சர்ட்டிஃபிகேஷன் கார்டு. இரண்டையும் ரைஃபிள் பெட்டியிலேயே வையுங்கள். கேட்டில் நின்றுகொண்டு பை பையாகத் துழாவுகிறவர் ஒருவராவது எல்லா மேட்ச்சிலும் இருப்பார்.

சாமான்கள்: ரைஃபிள், தனியாகக் கழற்றிய போல்ட், சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலி என்று காட்டும் கொடி, ஸ்லிங், தடித்த ஜாக்கெட், கையுறை, பாய், காது மூடி, முன்சைட் வளையங்கள், சைட்டுக்கும் குழலுக்குமான ஆலன் சாவிகள், உலர்ந்த துணி இரண்டு, பென்சில். மழை வருமா என்று வானிலை பார்க்க வேண்டாம். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த உலர்ந்த துணி அலங்காரத்துக்கு இல்லை. தோட்டாவிலோ சேம்பரிலோ ஈரம் இருந்தால், வெடிக்கும்போது கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கும். போல்ட் மேல் அழுத்தம் கூடும்; ஷாட் இடம் மாறும். அதனால் தோட்டாப் பெட்டிக்கு மூடி வேண்டும். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் மழை சேம்பருக்குள் விழாமல் கையால் மறைக்கப் பழகுங்கள். வெயில் நாளிலும் மூடி வேண்டும். தோட்டா சூடானால் வேகம் கூடும், ஷாட் மேலே போகும்.

தோட்டா எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில மேட்ச்சில் எல்லோருக்கும் ஒரே தோட்டாவை ரேஞ்சிலேயே கொடுப்பார்கள், சிலவற்றில் சொந்தமாக நிரப்பியதைக் கொண்டுவரலாம். .308 வின்செஸ்டரில் 155 கிரெயின் குண்டு என்பது இந்தப் பிரிவின் பொது வழக்கம். உங்கள் எலிவேஷன் எண்கள் (ஒவ்வொரு தூரத்துக்கும் சைட்டை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பவை) எந்தத் தோட்டாவில் எடுத்தவை என்று தெரியாவிட்டால் அந்த எண்களை நம்ப முடியாது.

3. விண்டேஜ் பூஜ்ஜியம்: இதைத் தவறவிட்டால் மற்றது வீண்

விண்டேஜ் என்பது காற்றுக்காக சைட்டைப் பக்கவாட்டில் நகர்த்தும் அளவு; காற்றில்லாதபோது ஷாட் நடுவில் விழும் நிலைதான் அதன் பூஜ்ஜியம். கோச் 'இடது 4' என்று சொன்னால், சைட் பூஜ்ஜியத்திலிருந்து இடப்பக்கம் 4 மினிட் (இது கோண அளவு, அடுத்த பகுதியில் வரும்). எட்டு பேருடைய ரைஃபிளிலும் பூஜ்ஜியம் உண்மையாக இருந்தால்தான் ஒருவரிடம் கற்ற காற்றை அவர் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். உங்கள் பூஜ்ஜியம் முக்கால் மினிட் வலப்பக்கம் விலகியிருந்தால், கோச் அதைக் காற்றில் வந்த மாற்றம் என்று நினைப்பார். உங்கள் ஸைட்டர் இரண்டும் வீணாகும். அதோடு நில்லாமல், அவர் மனதில் இருந்த காற்றுக் கணக்கும் குழம்பும்.

பூஜ்ஜியத்தைக் காற்றில்லாத காலையில் 300 கெஜத்தில் பாருங்கள். பத்து ஷாட் கொண்ட ஒரு குழுவின் நடுவை எடுங்கள். மூன்று ஷாட்டில் தீர்ப்பு எழுதாதீர்கள். பிறகு சைட்டின் அளவுத் தகட்டைத் தளர்த்தி, கோடு சரியாகப் பூஜ்ஜியத்தில் நிற்கும்படி நகர்த்தி முடுக்குங்கள். 'என் பூஜ்ஜியம் வலது ஒன்றரை, அதை மனதில் கூட்டிக்கொள்வேன்' என்று கோச்சிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் காற்றைப் பார்ப்பாரா, உங்கள் கணக்கைப் போடுவாரா?

நீண்ட தூரத்தில் இன்னொன்றும் சேரும். வலச்சுழல் குழலில் சுழன்று வரும் குண்டு, காற்றே இல்லாவிட்டாலும் வலப்பக்கம் நகரும். 1000 கெஜத்தில் இது அரை மினிட்டுக்கு மேல் வரும். எல்லா ரைஃபிளும் ஏறக்குறைய ஒரே அளவு நகர்வதால் கோச் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வார். நீங்களாகத் திருத்தப் போகாதீர்கள். இருவரும் திருத்தினால் இரட்டிப்பாகும்.

அடுத்தது சாய்வு. 1000 கெஜத்துக்காக சைட் மிக உயர ஏற்றப்பட்டிருக்கும். அந்த நிலையில் ரைஃபிள் ஒரு பாகை சாய்ந்தாலே ஷாட் பக்கவாட்டில் சுமார் 6 அங்குலம் போய்விடும். 300 கெஜத்தில் உங்களைத் தொந்தரவே செய்யாத பழக்கம் இங்கே புள்ளியைத் தின்னும். விதி அனுமதிக்கும் மேட்ச்சில் முன்சைட்டில் ரசமட்டம் பொருத்துங்கள். இல்லையென்றால் டார்கெட் எண் பலகையின் விளிம்போடு வைத்துச் சரிபாருங்கள். கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பதே உங்களுக்கு வசதி என்றால் பரவாயில்லை, எப்போதும் அதே அளவு சாயட்டும்.

4. எலிவேஷன் எண்கள்

ஒரு மினிட் 100 கெஜத்தில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல். 1000 கெஜத்தில் பத்தரை அங்குலம். நீண்ட தூர டார்கெட்டின் புல் ஏறக்குறைய 2 மினிட் அகலம். அதாவது நடுவிலிருந்து ஒரு மினிட் தவறினால் விளிம்பு. பெரும்பாலான சைட்டில் ஒரு கிளிக் கால் மினிட்.

சுட்ட ஒவ்வொரு தூரத்துக்கும் எண்ணை எழுதி, ரைஃபிளின் கட்டையில் டேப்பில் ஒட்டுங்கள். 800-லிருந்து 900-க்கும், 900-லிருந்து 1000-க்கும் தலா 5 மினிட்டை ஒட்டி ஏற வேண்டிவரும். குழல் நீளமும் தோட்டாவும் அதை மாற்றும். 600 வரைதான் சுட்டிருக்கிறீர்கள் என்றால், மேட்ச்சுக்கு முன் ஒரு நாளாவது ஸ்டிக்கிள்டவுனில் பயிற்சி எடுங்கள். கணினிக் கணக்கு டார்கெட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடும், நடுவில் விடாது.

டேப்பில் தேதியும் தோட்டாவும் எழுதுங்கள். அந்த நாளின் வெயிலையும் ஒரு வார்த்தையில் எழுதுங்கள். குளிரில் எடுத்த எண்ணைக் கோடையில் கொஞ்சம் இறக்க வேண்டிவரும். சூடான காற்று லேசானது, குண்டைக் குறைவாகத் தடுக்கும்.

திருகில் ஆட்டம் இருக்கும் பழைய சைட் என்றால், எப்போதும் ஒரே திசையிலிருந்து எண்ணுக்கு வாருங்கள். தாண்டிப் போய்விட்டால் இரண்டு மினிட் இறங்கி மறுபடி ஏறுங்கள்.

5. அன்று காலை

கேப்டன் வரிசை போட்டிருப்பார். முதலில் சுடுபவர் பெரும்பாலும் நிதானமான, குறுகிய குழு சுடும் ஆள். அவருடைய ஸைட்டரிலிருந்துதான் கோச் அன்றைய காற்றை அளக்கத் தொடங்குவார். புதியவரை நடுவில் போடுவார்கள். அதற்கு வருத்தப்பட வேண்டாம். காற்று ஓரளவு பிடிபட்ட பிறகு உங்களை இறக்குவது உங்களுக்கும் நல்லது.

உங்கள் எலிவேஷன் எண், பூஜ்ஜியம் பார்த்த நாள், நீங்கள் வலக்கையா இடக்கையா, மூன்றையும் கோச்சிடம் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் போனால் எல்லா வியாதியையும் சொல்வதைப் போல, முழங்கை வலியையும் புது ஜாக்கெட்டையும் சொல்லத் தேவையில்லை.

சைட்டில் தூரத்துக்கான எண்ணை ஏற்றுவதைப் பாய் விரிக்கும் முன்பே செய்யுங்கள், இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 300 கெஜ எண்ணிலேயே 1000 கெஜத்தில் முதல் ஷாட் சுட்டவர் நான் அறிந்து ஒருவர் இருவர் இல்லை. குண்டு டார்கெட்டுக்கு வெகு முன்னால் தரையைத் தோண்டும். ஒரு ஸைட்டர் போனதோடு, ரேஞ்ச் அதிகாரியும் வந்து நிற்பார்.

திருகுகள், சைட் பிடி, ஸ்லிங் கொக்கி எல்லாம் இறுக்கமா என்று ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.

6. கோட்டில் படுப்பது

முன்னவர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்: ஜாக்கெட் பொத்தான் போட்டு, ஸ்லிங் கையில் ஏறி, தோட்டா எண்ணி வைத்து. அவர் எழுந்த பிறகு ஜாக்கெட் தேடினால் அந்த மூன்று நிமிடம் அணியின் கணக்கில் போகும். ரேஞ்ச் அதிகாரி அனுமதி தரும்வரை போல்ட் ரைஃபிளுக்குள் போகக் கூடாது, குழல் எப்போதும் டார்கெட் பக்கம்.

படுத்ததும் கண்ணை மூடுங்கள், இரண்டு மூச்சு விடுங்கள், திறங்கள். வளையம் உங்கள் டார்கெட்டில் நிற்கிறதா? இல்லையென்றால் கையால் தள்ளி நேராக்காதீர்கள். இடது முழங்கையை அச்சாக வைத்து இடுப்பை நகர்த்துங்கள். கையால் தள்ளி நிறுத்திய ரைஃபிள், விசை விடுபடும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். மேலும் கீழும் என்றால் பின்கட்டையின் உயரத்தையோ முன்கைப் பிடியின் இடத்தையோ சரிசெய்யுங்கள்.

எண் பலகையை வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'இருபத்திமூன்று.' கோச் 'இருபத்திமூன்று' என்று திரும்பச் சொல்ல வேண்டும். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பது பத்தாவது பகுதியில் தெரியும்.

முன்சைட் வளையத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள். கறுப்பைச் சுற்றித் தாராளமாக வெள்ளை தெரிய வேண்டும். சின்ன வளையம் துல்லியம் தரும் என்று எல்லாப் புதியவர்களும் நினைக்கிறார்கள். நடைமுறையில் கானல் ஓடும் மதியத்தில் கறுப்பும் வளையமும் ஒன்றோடொன்று கலங்கி, நடு எது என்று கண் தீர்மானிக்க முடியாமல் விசையைத் தள்ளிப்போடும்.

7. கோச்சோடு பேசும் முறை

கோச் உங்கள் தோளுக்குப் பின்னால் ஸ்காப்போடு (தொலைநோக்கி) உட்கார்ந்திருப்பார். பிஸ்லியில் பல அணிகளில் கோச்சே கை நீட்டி விண்டேஜ் திருகைத் திருப்பிவிடுவார். சில அணிகளில் எண் சொல்வார், நீங்கள் திருப்ப வேண்டும். எது என்று முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். எண் சொல்லும் முறை என்றால் கேட்ட எண்ணைத் திரும்பச் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். 'இன்னும் ஒன்று இடது' என்பதும் 'இடது ஒன்று' என்பதும் வேறு வேறு. எப்போதும் மொத்த எண்ணையே சொல்வது என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பேச்சு குறைவாக இருக்க வேண்டும். 'பொறு', 'சுடு', 'இறங்கு' (சுடாமல் ரைஃபிளைத் தாழ்த்து). உங்கள் பக்கம் 'தயார்', 'இறங்குகிறேன்', பிறகு ஷாட்டின் கணிப்பு (விசை விடுபட்டபோது வளையம் எங்கே இருந்தது என்பது). அவ்வளவுதான். காற்று எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஆறுதலாக இரண்டு வார்த்தை கேட்கத் தோன்றும், அந்த நேரத்தில் அவர் கொடியைப் பார்க்காமல் இருப்பார்.

8. ஸைட்டர்

முதல் ஸைட்டரை மேட்ச் ஷாட்டைப் போலவே சுடுங்கள். 'ஸைட்டர்தானே' என்று சற்றே அவசரமாக இழுத்த ஷாட்டிலிருந்து கோச் தப்பான பாடம் கற்பார்.

ஷாட் போனதும் பட்ஸில் (டார்கெட்டுகளின் கீழே ஆட்கள் இருக்கும் பள்ளம்) டார்கெட்டை இறக்கி, ஓட்டையில் வட்டத் தகடு செருகி, மதிப்புப் பலகை மாட்டி ஏற்றுவார்கள். ஏறும் முன்பே உங்கள் கணிப்பைச் சொல்லிவிட வேண்டும். ஏறியதும் கோச் காற்றைத் திருத்துவார், உயரத்தை இருவரும் சேர்ந்து பேசுவீர்கள். தகடு அரை மினிட் தாழ்வாக இருந்து உங்கள் கணிப்பும் சுத்தமாக இருந்தால், அரை மினிட் ஏற்றுங்கள். கால் மினிட் வித்தியாசத்துக்கு ஓடாதீர்கள். எவ்வளவு நல்ல ரைஃபிளும் இந்தத் தூரத்தில் ஒரே ஓட்டையில் போடாது.

9. ஒவ்வொரு ஷாட்டும்

வரிசை இதுதான்: தோட்டா போட்டு மூடுதல், கன்னம் படிதல், எண் பலகை பார்த்தல், வளையம் நிலைத்தல், 'தயார்'. கோச் 'சுடு' என்றதும் நான்கைந்து வினாடிக்குள் விசை விடுபட வேண்டும். பிறகு கண்ணை எடுக்காமல் ஒரு கணம் அப்படியே இருந்து, கணிப்பு.

நான்கைந்து வினாடி ஏன்? சென்ற கோடையில் எங்கள் கிளப்பின் புதியவர் ஒருவர் 1000 கெஜத்தில் எட்டு ஷாட் புல்லில் வைத்திருந்தார். கோச் இடது 6 வைத்து 'சுடு' என்றார். இவர் வளையத்தை இன்னும் கொஞ்சம் அழகாக்கிக்கொண்டிருந்தார். நடுக்கொடி தொங்கத் தொடங்கியது, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. கோச் 'இறங்கு' என்று வாய் திறக்கும்போது ஷாட் போய்விட்டது. தகடு இன்னரில், சரியாக ஒன்பது மணி திசையில் ஏறியது. சுத்தமான ஷாட், காற்று மணிக்கு இரண்டு மைல் குறைந்த பிறகு சுட்டது.

முடியவில்லை என்றால் 'இறங்குகிறேன்' என்று சொல்லி ரைஃபிளைத் தாழ்த்துங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஏழாவது வினாடியில் கட்டாயப்படுத்திச் சுட்டால் கோச் கோபித்துக்கொள்வார், அதில் நியாயமும் உண்டு.

கணிப்பு என்றால், விசை விடுபட்ட கணத்தில் வளையம் எங்கே இருந்தது என்பது மட்டுமே. கடிகார திசையில் சொல்லுங்கள்: 'நல்லது', 'மூன்று மணி, அரை மினிட்', 'கீழே இழுத்துவிட்டேன்'. எங்கே விழும் என்ற ஊகத்தை அதில் கலக்காதீர்கள். பொய்க் கணிப்புதான் டீம் மேட்ச்சின் மிகப் பெரிய நோய். இழுத்த ஷாட்டை வெட்கத்தில் 'நல்லது' என்று சொன்னால், கோச் அந்த விலகலைக் காற்றின் கணக்கில் எழுதி ஒரு மினிட் திருத்துவார். அடுத்த ஷாட்டை நீங்கள் சுத்தமாகச் சுட்டாலும் அது எதிர்ப்பக்கம் போகும். ஒரு பொய்க்கு இரண்டு இன்னர்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: கோச்சுக்கு உதவுவதாக நினைத்து, கொடி மாறுவதைப் பார்த்து வளையத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது. தனியாகச் சுட்டுத் தேர்ந்தவர்களிடம்தான் இது அதிகம். அவரும் திருத்தியிருப்பார், நீங்களும் திருத்தியிருப்பீர்கள். தகடு எங்கே ஏறினாலும் அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க முடியாது. எப்போதும் நடுவில் பிடியுங்கள்.

வெளிச்சம் மாறினால் சொல்லலாம். மேகம் விலகியதும் பலருக்கு ஷாட்டின் உயரம் மாறும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது ஒவ்வொரு கண்ணுக்கும் வேறு. உங்கள் கண்ணுக்கு எப்படி என்று பயிற்சி நாட்களிலேயே குறித்து வைத்திருந்தால் அதை உயரத் திருத்தத்தில் பயன்படுத்தலாம்.

10. கோச் பின்னால் என்ன செய்கிறார்

இது தெரிந்தால் 'பொறு' என்ற சொல் எரிச்சலூட்டாது.

155 கிரெயின் குண்டுக்கு, மணிக்கு 10 மைல் நேர்க்குறுக்குக் காற்று 1000 கெஜத்தில் 8 முதல் 10 மினிட் விலக்கம் தரும். ஏறக்குறைய மைலுக்கு ஒரு மினிட். புல்லின் பாதி அகலமும் ஒரு மினிட்தான். எனவே ஒரு மைல் தவறாகப் படித்தால் நடுவில் போக வேண்டியது விளிம்புக்குப் போகும், இரண்டு மைல் என்றால் இன்னர் நிச்சயம்.

திசையும் முக்கியம். மூன்று மணி, ஒன்பது மணித் திசைக் காற்று முழு மதிப்பு. ஒரு மணித் திசையிலிருந்து வந்தால் பாதி. பன்னிரண்டைச் சுற்றி ஆடும் காற்றுதான் கொடுமையானது: பார்க்க அமைதியாக இருக்கும், கொடி கொஞ்சம் இப்படி அப்படிப் போனாலே இடது வலதாக மாறும். அப்படிப்பட்ட நாளில்தான் கோச் அதிகம் காக்கவைப்பார்.

கொடிகளோடு அவர் கானலையும் பார்ப்பார். ஸ்காப்பின் ஃபோகஸை டார்கெட்டுக்கு முன்னால் கொண்டுவந்தால் சூடான காற்று ஓடையைப் போலப் பக்கவாட்டில் ஓடுவது தெரியும். காற்று விழுந்தால் அது நேர் மேலே கொதிக்கும். 'கொதிக்கிறது' என்று அவர் முணுமுணுத்தால் திசை மாறப்போகிறது என்று அர்த்தம். விரலை விசையிலிருந்து எடுங்கள். காற்று பலமானால் கானல் மங்கிப்போகும், அப்போது கொடி மட்டுமே கதி.

குண்டு பறக்க ஒன்றரை வினாடிக்கு மேல் ஆகும். நடுவழியில் பார்வைக் கோட்டுக்குப் பத்தடிக்கு மேல் உயரத்தில் போகும். தரையருகே கொடி சொல்வதும் அங்கே நடப்பதும் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் அவர் ஒவ்வொரு ஷாட்டையும் கட்டத்தாளில் குறிக்கிறார்: வைத்த காற்று, உங்கள் கணிப்பு, தகடு ஏறிய இடம். இதில் இரண்டாவது எண் பொய்யானால் மற்ற இரண்டும் வீண்.

எண் பலகைக்கு வருவோம். ஸ்டிக்கிள்டவுனில் டார்கெட்டுகள் நெருக்கமாக வரிசையில் நிற்கும். 1000 கெஜத்திலிருந்து வளையத்துக்குள் எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளிதான். ரீகாயிலில் (சுட்டதும் ரைஃபிள் உதைப்பதில்) பக்கத்து டார்கெட்டுக்கு நகர்ந்து, அதில் அருமையான வீ-புல் சுட்டால் உங்களுக்குக் கிடைப்பது பூஜ்ஜியம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எண்ணைப் பாருங்கள். இறங்கி மறுபடி ஏறும்போதுதான் இது அதிகம் நடக்கும்.

11. தவறு நடந்தால்

விசை அழுத்தியும் வெடிக்கவில்லை: குழலை டார்கெட் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருங்கள், அதிகாரி சொன்னபடி போல்டைத் திறங்கள். வெடிச்சத்தம் வழக்கத்தைவிட அமுங்கலாகக் கேட்டால் அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. குண்டு குழலில் நின்றிருக்கலாம்.

டார்கெட் இறங்கவே இல்லை: நீங்கள் பேசாமல் இருங்கள். கோச் ஸ்கோர் எழுதுபவரிடம் சொல்வார், அவர் வழியாகப் பட்ஸுக்குச் செய்தி போகும். ரைஃபிளைத் திறந்து வைத்துப் படுத்திருங்கள். இந்த இடைவெளியில் பக்கத்திலிருப்பவரோடு என்ன நடந்திருக்கும் என்று ஆராய்வதால் நிலை கலைவது மட்டுமே மிச்சம்.

ஏற்றிய மதிப்பு தவறென்று தோன்றினால் அடுத்த ஷாட்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். சுட்டுவிட்டால் பழையதை ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

12. தூரம் மாறும்போது

900 முடிந்து 1000-க்குப் பின்வாங்கும்போது, படுத்த இடத்திலேயே எண்ணை மாற்றாதீர்கள். எழுந்து, ரைஃபிள் காலி என்று அதிகாரி பார்த்த பிறகு, புதிய கோட்டுக்குப் போய் டேப்பைப் பார்த்து மாற்றுங்கள். 900-இல் இறுதியாக நின்ற எண் டேப்பில் உள்ளதைவிட அரை மினிட் கூடுதல் என்றால், 1000-க்கும் அந்த அரையைச் சேர்த்தே தொடங்குங்கள். அன்றைய காற்றும் தோட்டாவும் இரண்டு தூரத்துக்கும் ஒன்றுதான்.

உங்களுக்கு முன் சுட்டவர்கள் கால் மினிட் ஏற்றினார்களா, இறக்கினார்களா என்று கோச்சின் தாளைப் பார்த்துவிட்டுப் படுங்கள். டீம் மேட்ச்சில் மட்டுமே கிடைக்கும் வசதி இது.

விண்டேஜைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் படுப்பது பல கோச்சுகளுக்குப் பிடிக்கும். முந்தைய தூரத்தின் இடது 5 அப்படியே தங்கியிருக்க, அவர் அதன்மேல் இன்னும் கூட்டிவிட்டால் முதல் ஸைட்டர் மாக்பையைத் தாண்டும்.

13. சுட்டு முடித்த பின்

போல்டைக் கழற்றி, காலிக் கொடி செருகி, அதிகாரி பார்த்த பிறகே எழுந்திருங்கள். மிச்சத் தோட்டாவை எண்ணுங்கள். பத்து சுட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது சுட்டிருந்தால் அது இப்போது தெரிய வேண்டும், தேநீர்க் கடையில் இல்லை.

பாயைச் சுருட்டிக்கொண்டு ஓசையின்றி பின்னால் வாருங்கள். அடுத்தவர் ஏற்கெனவே ஸைட்டர் சுட்டுக்கொண்டிருப்பார். கோச்சிடம் உங்கள் ஷாட்டுகளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவருக்கு இன்னும் ஆட்கள் பாக்கி. மேட்ச் முடிந்ததும் அவரே கட்டத்தாளோடு வருவார். அதில் உங்கள் ஷாட்டுகளின் மேல்கீழ் அகலத்தை மட்டும் பாருங்கள். பக்கவாட்டுச் சிதறலில் காற்றும் கோச்சும் கலந்திருக்கும், உயரச் சிதறல் பெரும்பாலும் உங்களுடையதும் உங்கள் தோட்டாவினுடையதும். அது ஒன்றரை மினிட்டுக்குள் இருந்தால் முதல் மேட்ச்சுக்கு நல்ல வேலை. இரண்டைத் தாண்டினால் முதலில் மூச்சையும் கன்னம் படியும் இடத்தையும் பாருங்கள், அதன் பிறகு தோட்டாவை.

இறுதியாக நின்ற எலிவேஷன் எண்ணைத் தேதியோடு டேப்பில் எழுதிவிட்டுக் குழலைத் துடையுங்கள். இந்த இரண்டையும் காரில் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போனால் எழுதுவதும் இல்லை, துடைப்பதும் இல்லை.